காஸ் மணந்த திவசம்

சரவணமுத்து கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்தில், லொறியில் வந்து இறங்கும் அரிசி மூட்டையைப் பிரித்துப் பார்க்கமாட்டார். தையலில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். "இது பழைய அரிசி. திருப்பி ஏத்தும்" என்பார். லொறிக்காரர் கோபத்தில் மூட்டையைப் பிரித்தால் உள்ளே வண்டு ஓடும். தேங்காயெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருந்தால் பீப்பாவின் மூடியைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுவார். மடத்துவெளியிலிருந்து குறிகட்டுவான் வரைக்கும், தீவு முழுக்க, அந்த மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. கலியாண வீடுகளில் குழம்பை இறக்கும் முன் சமையல்காரர்கள் "மனேச்சர் எங்க?" என்று தேடுவார்கள். அவர் வந்து குனிந்து மணந்துவிட்டு, "இன்னும் ஒரு கை உப்பு" என்று சொன்னால் அது தீர்ப்பு.

பென்சன் எடுத்த பிறகு, கொறோணாக் காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஒரு காலையில், மனைவி கோசலா கொண்டுவந்து வைத்த கோப்பியில் மணம் இல்லை. சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. முதலில் கோப்பித்தூளைக் குறை நினைத்தார். பிறகு சவர்க்காரத்தை மணந்து பார்த்தார், வேப்பெண்ணெயை மணந்து பார்த்தார், கடைசியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்து வளவு ஆட்டுக்கொட்டிலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. இரண்டு கிழமையில் வந்துவிடும் என்று நினைத்து ஒருவருக்கும் சொல்லவில்லை. வரவில்லை. அதற்குள் சொல்லும் காலம் கடந்துபோய்விட்டது. மூன்று வருடமாக மனிதர் நடித்துக்கொண்டிருந்தார்.

அது அவ்வளவு கடினமான நடிப்பும் இல்லை. கோசலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவள் சட்டியின் மூடியைத் திறந்து கண்ணைச் சொருகினால், "முருங்கையிலை நல்லா மணக்குது" என்பார். அவள் மூக்கைச் சுளித்தால், "என்ன அநியாய மணம்" என்பார். முப்பது வருடத்துக்கு மேல் பழகிய முகம். பிழைக்கவேயில்லை.

அவருடைய தகப்பனாரின் திவசம் ஆனி மாதத்தில் வரும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தீவைப் பிடித்து ஆட்டுகிற காலம். பனைகள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓயாமல் சலசலக்கும். வாசல் படலையைக் கட்டி வைக்காவிட்டால் அது தானே திறந்து தானே அடித்துக்கொள்ளும். குசினி யன்னலைத் திறந்தால் மணல் வந்து சட்டிக்குள் விழும், அடுப்பும் அணைந்துபோகும். அதனால் சோளகம் முடியும் வரைக்கும் கோசலா குசினி யன்னல்களைப் பூட்டித்தான் வைத்திருப்பாள்.

அன்றைக்கும் பூட்டித்தான் இருந்தது. விடியவே தோய்ந்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, கிணற்றடியில் கூரை சரித்த பத்தியில் குந்தியிருந்து பூசணிக்காய், வாழைக்காய், பாகற்காய் எல்லாம் வெட்டி வைத்துவிட்டாள். அரிசியும் அங்கேதான் ஊறியது. குசினிக்குள் வந்து காஸ் சிலிண்டரின் றெகுலேற்றரைத் திறந்துவிட்டு அடுப்பை மூட்டப் போகும்போது, வாழையிலை வெட்டவில்லை என்பது ஞாபகம் வந்தது. அவர்களுடைய வளவில் நின்ற வாழைகளின் இலைகளைக் காற்று நார் நாராகக் கிழித்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் சஞ்சீவனின் வளவில் மதில் மறைவில் நல்ல இலை இருந்தது.

"இஞ்சேருங்கோ, தேங்காயைத் துருவி வையுங்கோ. துருவி முடிஞ்சால் பாலை அடுப்பில வையுங்கோ. மச்சாளும் ஐயரும் வர முதல் நான் ஓடி வந்திடுறன்."

"நீர் ஆறுதலா வாரும்," என்றார் சரவணமுத்து.

குசினியில் துருவலையைப் போட்டு உட்கார்ந்தார். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் இடையில் சுவரோடு ஓடிய றப்பர் பைப்பை ஒரு எலி ஏற்கெனவே ருசி பார்த்திருந்தது அவருக்குத் தெரியாது. தேங்காய் துருவுகிற சத்தத்தில் அந்த மெல்லிய 'உஸ்' என்ற சத்தமும் கேட்கவில்லை. காஸ் காற்றை விடப் பாரமானது. அது மேலே போகாமல் தரையோடு பரவித் துருவலையில் இருந்த மனிதரைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பாதித் தேங்காயும் முடிந்தபோது தலை கொஞ்சம் இடிப்பது போலிருந்தது. வெறும் வயிற்றோடு இருப்பதால் என்று நினைத்தார். எழும்பிக் கையைத் துடைத்து, பால்பானையை அடுப்பில் வைத்து, நெருப்புப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உருவினார்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு இலைக் கட்டோடு வந்த கோசலாவின் முகத்தில் அந்த மணம் அடித்தது. அழுகிய முட்டையும் வெங்காயமும் சேர்ந்தது மாதிரி ஒரு நாற்றம். குசினி முழுக்க அதுதான்.

"கையில இருக்கிறதைக் கீழ வையுங்கோ," என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எதை?"

"நெருப்புக்குச்சியை. உரசாதேங்கோ. அப்பிடியே வையுங்கோ."

"நீர்தானே பாலை வைக்கச் சொன்னனீர்."

"காஸ் மணக்குது. குசினி முழுக்கக் காஸ்."

சரவணமுத்து வழக்கம் போல மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்தார். வழக்கம் போல ஒன்றும் வரவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தார். அது இதற்கு முன் பார்த்த எந்த முகம் போலவும் இல்லை. "அது சஞ்சீவன் வீட்டுக் கருவாடு. காத்து இந்தப் பக்கம்தானே அடிக்குது," என்றார்.

கோசலா இலைக் கட்டை வெளியே எறிந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் றெகுலேற்றரைத் திருகி நிறுத்தினாள். 'உஸ்' நின்றது. பால்பானை அடுப்பில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். யன்னல்களின் கொழுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தள்ளினாள். சோளகம் ஒரு பாட்டம் மணலோடு உள்ளே வந்து இறங்கியது.

"நான் ஃபானைப் போடுறன், மணம் கெதியாப் போயிடும்," என்று சரவணமுத்து சுவிச்சுப் பக்கம் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் முதல் அடி.

"சுவிச்சில தொடாதேங்கோ. போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். அதுக்குள்ள ஒரு பொறி கிளம்பினால் காணும். நடவுங்கோ வெளியில."

காஸ் அடுப்புகள் வெடிக்குது என்று செய்தியில் தினமும் காட்டிய காலத்தில், கோசலா தொலைக்காட்சிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு இருந்தவள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொன்னதெல்லாம் அவளுக்குத் தேவாரம் மாதிரிப் பாடம். "உது என்னத்துக்கு, எங்கட வீட்டில நான் இருக்கேக்க காஸ் லீக் எண்டால் அடுத்த நிமிசம் பிடிச்சிடுவன்" என்று அப்போது சொன்னவர் சரவணமுத்து. அப்போது அவருக்கு மூக்கு இருந்தது.

முன்கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள். முற்றமும் கிட்ட என்று அவள் அவரை ஒழுங்கைக்குக் கொண்டுபோனாள். சஞ்சீவனின் படலைக்குப் பக்கத்தில், காற்று வருகிற பக்கமாக நிற்க வைத்தாள்.

"சாமியறை விளக்கு?" என்று அப்போதுதான் நினைவு வந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

"ஐயர் வந்துதானே கொளுத்திறது. இன்னும் கொளுத்தேல்லை."

அவள் ஒரு மூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் அலுமாரிக்கு மேல் இருந்த சரவணமுத்துவின் போன் அடித்தது. நயினை நாகபூசணி அம்மன் மேல் ஒரு பக்திப் பாட்டு, மேளதாளத்தோடு. அவர் காலெடுத்து வைத்தார். அவள் வேட்டித் தலைப்பைப் பிடித்தாள்.

"அது அக்காவா இருக்கும். குறிகட்டுவானில வந்து இறங்கியிருப்பா."

"இறங்கட்டும். அடிச்சு ஓயட்டும்."

போன் ஓய்ந்தது. பிறகு மறுபடி மறுபடி அடித்தது. அக்காதான். அக்காவைத் தவிர வேறு யாரும் நாலாம் முறை அடிப்பதில்லை.

சத்தம் கேட்டுச் சஞ்சீவன் வந்தான். நாற்பது வயது மனிதன், ஓட்டோ ஓடுகிறவன், சந்தியில் நிற்காத நேரத்தில் கருவாடு காயப்போடுகிறவன். விசயத்தைக் கேட்டதும் சேட்டுப் பையைத் தட்டினான்.

"இது சின்ன வேலை அக்கா. லைற்றரைப் பைப்போட ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு போனால் எந்த இடத்தில லீக் எண்டு தெரிஞ்சிடும்."

"தெரியும்," என்றாள் கோசலா. "யாழ்ப்பாணத்தில இருக்கிறவைக்கும் தெரியும்."

சஞ்சீவன் லைற்றரைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டான்.

"உம்மட போனைத் தாரும்," என்று அவள் கேட்டு வாங்கினாள். ஒழுங்கையில் இன்னும் கொஞ்சத் தூரம் போய் நின்று காஸ் கடைக்கு எடுத்தாள். கடைக்காரர் வேலணையில் நின்றார். றெகுலேற்றரை நிறுத்தினது சரி, கதவு யன்னல் திறந்தது சரி, ஒருவரும் உள்ளே போகவேண்டாம், பின்னேரத்துக்கு முதல் புதுப் பைப்போடு வருகிறேன் என்றார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லச் சொன்னார். அதைச் சஞ்சீவனே ஏற்றுக்கொண்டான். ஒழுங்கையில் நடந்துகொண்டே, "அடுப்பு மூட்டாதேங்கோ, மனேச்சர் வீட்டில காஸ்" என்று சொல்லிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் இலட்சுமிப்பிள்ளை வந்து இறங்கினாள். சரவணமுத்துவின் தமக்கை, நயினாதீவில் வாழ்க்கைப்பட்டவள். படகில் வந்து, பஸ்சில் வந்து, சந்தியிலிருந்து நடந்து வந்த களைப்போடு, ஒரு கையில் பைக்குள் தம்பியின் வீட்டுக்கு நெய்யும், மறு கையில் தகப்பனுக்குப் படைக்கச் சுருட்டும் நெருப்புப்பெட்டியும் வைத்திருந்தாள். தகப்பனார் உயிரோடு இருந்தபோது சுருட்டில்லாமல் ஒரு பொழுதும் இருந்ததில்லை. அதனால் திவசத்தில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து இலைக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால் அவளுக்குத் திருப்தி வராது.

"என்ன, எல்லாரும் றோட்டில? போன் எடுத்தால் ஏன் எடுக்கேல்லை?"

கோசலா சொன்னாள். இலட்சுமிப்பிள்ளை முழுவதையும் கேட்காமல் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உனக்கு மணந்ததோ?"

சரவணமுத்து தொண்டையைச் செருமினார். "அது... காத்தும் அடிக்குது அக்கா."

"அவனுக்கு மணக்கேல்லை," என்று இலட்சுமிப்பிள்ளை ஊருக்கு அறிவித்தாள். "நடுக் குசினியில இருந்து தேங்காய் துருவினவனுக்கு மணக்கேல்லை. எங்கட தம்பிக்கு மணக்காத காஸ் உனக்கு எப்பிடிக் கோசலா பின்கதவில மணந்தது? விரதத்தில தலை சுத்தியிருக்கும். வாங்கோ உள்ளுக்க, அடுப்பை மூட்டுவம். படையல் பிந்துது."

"மச்சாள், உள்ளுக்குப் போகாதேங்கோ. அந்த நெருப்புப்பெட்டியையும் பையில வையுங்கோ."

"அப்புவின்ர சுருட்டுக்கு நான் நெருப்பில்லாமல் என்ன செய்யிறது?"

"அப்புவுக்கு ஒண்டும் நடக்காது. அவர் ஏற்கெனவே போயிட்டார். நாங்கள்தான் மிச்சம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இலட்சுமிப்பிள்ளை சிரித்தது யாரென்று தேடுவதற்குள் ஐயரின் மோட்டார்சைக்கிள் வந்துவிட்டது. கோசலா ஓடிப்போய் ஒழுங்கை முனையிலேயே மறித்தாள். இஞ்சினை அங்கேயே நிறுத்தச் சொல்லி, தள்ளிக்கொண்டு வர வைத்தாள். ஐயர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். அன்றைக்கு அவருக்குக் குறிகட்டுவான் பக்கத்தில் இன்னொரு திவசமும் இருந்தது.

"ராகுகாலம் துவங்க முதல் விளக்குக் கொளுத்திச் சங்கல்பம் சொல்ல வேணும் அம்மா. கதவு யன்னல் எல்லாம் திறந்துதானே கிடக்குது. இவ்வளவு காத்தில காஸ் இன்னும் நிக்குமே?"

"தெரியாது ஐயா. அதுதான் சொல்லுறன். தெரியாது."

"தெரிஞ்ச ஆள் நிக்கிறார்தானே," என்றார் ஐயர். பிரச்சினை தீர்ந்துவிட்ட முகத்தோடு சரவணமுத்துவைக் காட்டினார். "மனேச்சர் ஒருக்கா வாசலில நிண்டு மணந்து பாத்துச் சொல்லட்டும். இல்லையெண்டு அவர் சொன்னால் இல்லை. எனக்கு அது காணும்."

"எனக்கும் காணும்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"எங்களுக்கும்," என்றது கூட்டம். சங்கக்கடைக் காலத்து ஆட்கள் பலர் அதில் இருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு மனேச்சரின் மூக்கு வேலை செய்வதைப் பார்க்கப்போகிறோம் என்ற ஆவலில் முன்னால் வந்து நின்றார்கள்.

சரவணமுத்து நடந்தார். படலையைத் தாண்டினார், முற்றத்தைத் தாண்டினார், முன்வாசல் படியில் போய் நின்றார். வேட்டி காற்றில் படபடத்தது. கண்ணை மூடினார். பழைய பழக்கத்தில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, நெஞ்சு நிறைய இழுத்தார். ஒன்றுமில்லை. வெறும் காற்று. அது காஸ் இல்லாத காற்றா, காஸ் நிறைந்த காற்றா என்று சொல்ல அவருக்கு வழியேயில்லை.

கண்ணைத் திறந்து, எப்போதும் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். கோசலா தூரத்தில் ஒழுங்கையில் நின்றாள். அவளுடைய முகத்தில் இப்போது எந்தக் குறிப்பும் இல்லை. அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொல்வதை நம்பத் தயாராக நின்றாள். அதுதான் அவரை உலுக்கியது. அவர் 'இல்லை' என்று சொன்னால் முதலில் உள்ளே போகிறவள் அவள்தான். அடுப்படிக்குப் போகிறவள் அவள்தான்.

திரும்பி வந்தார்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை," என்றார்.

"நான் சொன்னனே," என்று இலட்சுமிப்பிள்ளை பையைத் தூக்கினாள். ஐயர் செருப்பைக் கழற்றினார்.

"நில்லுங்கோ. அக்கா, நில்லுங்கோ. எனக்கு ஒண்டுமே மணக்கிறேல்லை. காஸ் மட்டுமில்லை. கருவாடும் மணக்கிறேல்லை, கற்பூரமும் மணக்கிறேல்லை. கொறோணா வந்த நாள் துவக்கம் இப்பிடித்தான். என்னை நம்பி ஒருத்தரும் உள்ளுக்குப் போகாதேங்கோ."

அவருடைய மூக்கைக் கூட்டம் பார்த்தது. அது பழைய இடத்தில் பழைய மாதிரியே இருந்தது.

முதலில் வாய் திறந்தது இலட்சுமிப்பிள்ளைதான்.

"அப்ப போன பொங்கலுக்கு நான் கொண்டந்த நெய்யை மணந்து, நயினாதீவு நெய்யெண்டால் நெய்தான் எண்டு சொன்னாயே?"

"உங்கட முகத்தைப் பாத்துச் சொன்னனான் அக்கா."

"அது பழுதாப்போன நெய் தம்பி. வந்து திறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நீ நல்லதெண்டு சொல்லவும், என்ர மூக்கிலதான் ஏதோ பிழையெண்டு நினைச்சு ஆஸ்பத்திரிக்கும் போனனான்."

கூட்டத்துக்கு இப்போது பல விசயங்கள் விளங்கத் தொடங்கின. திவசத்துக்குச் சமைப்பதைப் படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் அந்த வீட்டில் உப்புப் பார்க்கிற பொறுப்பு எப்போதும் மனேச்சரின் மூக்குக்கு.

"அதுதான் போன வருசத்துப் பூசணிக்காய் கடல்தண்ணி மாதிரி இருந்தது," என்றான் சஞ்சீவன். "மனேச்சர் பாத்த உப்பெண்டு நான் பேசாமல் சாப்பிட்டனான்."

"நானும்," என்றார் ஐயர் மெல்ல.

கோசலாவின் முகத்தைப் பார்க்கச் சரவணமுத்துவுக்குத் துணிவு வரவில்லை. அவள் சஞ்சீவனிடம் போய், "உம்மட வளவில மூண்டு கல் வைச்சுத் தாரும்" என்றாள். "காத்து அங்க இருந்து இஞ்ச வருகுதெண்டபடியால் நெருப்பு அங்க இருக்கட்டும். ஆனால் பொறி பறந்து வரும். பின்னுக்கு, மதிலுக்கு அங்கால வையும்."

"அங்க கருவாடு காயுதக்கா."

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் ராகுகாலத்தைப் பார்த்தார்.

"கருவாட்டை மற்றப் பக்கம் எடுத்து வைச்சுத் தண்ணி தெளிச்சு விடுங்கோ," என்றார். "ஆபத்துக்குப் பாவமில்லை. சாத்திரத்தில எங்கேயோ இருக்குது."

சமையல் சாமானெல்லாம் கிணற்றடியில் இருந்தது பெரிய உதவி. வீட்டைச் சுற்றித் தள்ளிப் போய், வேலியோரமாக அண்டா, அரிசி, காய்கறி எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். சஞ்சீவனின் மனைவி மேரிசுகந்தி பனம்மட்டையும் பாளையும் கொண்டுவந்து அடுக்கினாள். அவளுடைய வேதத்தில் திவசம் இல்லை, ஆனால் விறகடுப்பு இருந்தது. இறாத்தல் கணக்கில் மிளகாய் வறுத்துப் பழகியவள். காற்றுக்கு மறைப்பாகத் தகரம் ஒன்றைச் சாத்தி, ஊதுகுழல் இல்லாமலே நெருப்பைப் பிடிக்க வைத்தாள். காஸ் அடுப்பு வந்த பிறகு கோசலாவுக்குப் புகை மறந்துபோயிருந்தது. கண்ணீர் வழிய வழியச் சமைத்தாள். அது புகையால்தானா என்று பக்கத்தில் மட்டை முறித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சரவணமுத்து யோசித்துக்கொண்டேயிருந்தார்.

"கோசலா," என்றார் ஒருமுறை.

"மட்டையைத் தாங்கோ."

கொடுத்தார். அவள் பானையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு நீங்கள் கறியை மணக்குது எண்டு சொன்னது கோபமில்லை. நான் சஞ்சீவன்ர வளவில இன்னும் ரெண்டு இலை பாத்துக்கொண்டு நிண்டிருந்தால், நீங்கள் குச்சியை உரசியிருப்பியள். உங்களுக்குத் தெரியாமலே உரசியிருப்பியள். எனக்குத் தெரிஞ்சிருந்தால் உங்களைக் காஸ் அடுப்புக்குக் கிட்ட விட்டிருப்பனே?"

"சொல்ல வெக்கமா இருந்தது."

"வெக்கம்," என்றாள் அவள். அகப்பையைப் பானையில் தட்டினாள். "இந்த ஊரில மூக்கில்லாமல் எத்தினை பேர் மானத்தோட சீவிக்கினம்."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மேரிசுகந்தி சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரும் சிரித்தார்.

படையல் நடந்தது. ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஐயர் விளக்கைக் கொளுத்தினார், காற்று அணைத்தது, மறுபடி கொளுத்தினார், மறுபடி அணைத்தது. கடைசியில் ஒரு பிளாஸ்ரிக் வாளியைச் சரித்து வைத்து அதற்குள் விளக்கை ஏற்றினார்கள். இலட்சுமிப்பிள்ளை சுருட்டைப் பற்றவைத்தாள். சோளகம் அதை யாரும் இழுக்காமலே அடி வரைக்கும் குடித்துத் தீர்த்தது. "அப்பு நல்லா இழுக்கிறார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. காகத்துக்கு வைத்த சோற்றை வந்த காகம் எடுத்துக்கொண்டு போனது. இன்னும் இரண்டு காகம் கருவாட்டை எடுத்துக்கொண்டு போயின. சாப்பாட்டில் உப்புக் கொஞ்சம் குறைவாக இருந்தது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

பின்னேரம் காஸ்கடைக்காரர் வந்தார். வாசலில் நின்று மணந்தார், கோசலாவையும் மணக்கச் சொன்னார், மேரிசுகந்தியையும் மணக்கச் சொன்னார். மூவருக்கும் ஒன்றும் இல்லையென்ற பிறகுதான் உள்ளே போய், சிலிண்டரையும் பைப்பையும் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்து மறுபடி இணைத்துப் பூட்டினார். ஒரு கோப்பையில் சவர்க்காரத்தைக் கரைத்துப் பைப்பில் தடவச் சொன்னார்.

"இதை நான் செய்யிறன்," என்று சரவணமுத்து முன்னால் வந்தார். "இது கண்ணால பாக்கிற வேலைதானே."

குந்தியிருந்து, துணியால் நுரையைத் தொட்டுத் தொட்டுப் பைப் முழுக்கத் தடவினார். கடைக்காரர் றெகுலேற்றரை ஒரு கணம் திறந்தார். நடுப் பைப்பில், எலி கடித்த இடத்தில், சின்னச் சின்ன முட்டைகளாக நுரை பொங்கி வந்தது. சரவணமுத்து விரலை நீட்டிக் காட்டினார். சங்கக்கடையில் கலப்பட எண்ணெயைப் பிடித்த நாளில் இருந்த அதே தோரணை.

"இஞ்ச," என்றார். "இஞ்ச பாருங்கோ."

பழைய பைப்பை வெட்டி எறிந்துவிட்டு, புதுப் பைப்பைப் பூட்டி, மறுபடி நுரை தடவினார்கள். ஒரு முட்டையும் வரவில்லை. சிலிண்டரைத் திருப்பிக் குசினிக்குள் வைத்து, எலி வராமல் பைப்பைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டச் சொன்னார் கடைக்காரர். சிலிண்டரை வெளியே பத்தியில் வைத்துச் சுவரைத் துளைத்துப் பைப் எடுக்கலாம் என்றும் சொன்னார். கோசலா அதை நாளைக்கே செய்ய வேண்டும் என்றாள். இலட்சுமிப்பிள்ளையைச் சஞ்சீவன் ஓட்டோவில் கடைசிப் படகுக்குக் கொண்டுபோனான். போகும்போது அவள் தம்பியின் தலையைத் தடவி, "நேர்த்தி வைக்கிறன்" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை. மூக்குக்குத்தான்.

எல்லோரும் போனபின் கோசலா காஸ் அடுப்பைப் புது அடுப்பு மாதிரி மூட்டி, தேத்தண்ணி வைத்தாள். இருவரும் குசினி வாசல் படியில் உட்கார்ந்தார்கள். யன்னல்கள் இன்னும் திறந்தே கிடந்தன. தரையெல்லாம் மணல்.

"என்னதான் தெரியுது உங்களுக்கு?" என்று கேட்டாள். கோபம் குறைந்திருந்தது. ஒரு புதினம் கேட்கிற குரல்.

"உறைப்புத் தெரியும். புளி தெரியும். சூடு தெரியும். மற்றது ஒண்டும் இல்லை. கடல் பக்கம் போனால் காத்துப் பட்டுத்தான் கடல் எண்டு தெரியும்."

"இனி நான் சொல்லுறன்," என்றாள். "நீங்கள் என்ர முகத்தைப் பாத்து மினைக்கெட வேண்டாம். வாயைத் திறந்து கேளுங்கோ, சொல்லுறன்."

"சரி. இப்ப என்ன மணக்குது?"

அவள் மூக்கை உயர்த்தினாள். "தேத்தண்ணி. கொஞ்சம் பாசி மணம், கடல் வத்தியிருக்குது போல. உங்களில புகை மணக்குது. என்னிலயும்தான்." பிறகு, எல்லாம் வெளியே வந்த நாள்தானே என்று நினைத்தவள் போலச் சொன்னாள்.

"உங்கட சேட்டுகளும் மணக்குது. அலுமாரியில இருக்கிறது முழுக்க. வேர்த்த சேட்டை மடிச்சு மடிச்சுத் திருப்பி உள்ளுக்க வைக்கிறியள். இவ்வளவு மூக்குள்ள மனுசன், தெரிஞ்சுதான் வைக்கிறாராக்கும் எண்டு நினைச்சு, மூண்டு வருசமா நான் வாய் திறக்கேல்லை."

சரவணமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். போட்டிருந்த சேட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.